பள்ளிக்கூடத்துக்குச் சமூகவியல் ஆகுமா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி ஒன்றுண்டு. "தம்பி, இனி என்ன படிக்கப் போகிறீர்?" என்பதே அது. "கணிதம்" என்றோ "உயிரியல்" என்றோ மறுமொழி வந்தால் கேட்டவர் முகம் மலர்கிறது. "வர்த்தகம்" என்றால் ஒருவாறு தலையசைக்கிறார். "கலை" என்று பிள்ளை கூறிவிட்டாலோ சிறிது நேரம் மௌனம் நிலவுகிறது; பின்னர் "அதுவும் நல்லதுதான்" என்று ஆறுதல் சொல்வார் போலச் சொல்லிப் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார். எவரும் ஏசவில்லை, எவரும் தடுக்கவுமில்லை. ஆயினும் அந்த மௌனத்தின் பொருள் பிள்ளைக்கு நன்றாக விளங்கிவிடுகிறது.

இம் மௌனம் எங்கிருந்து வந்தது? ஒரு பாடத்தை உயர்ந்ததென்றும் மற்றொன்றைத் தாழ்ந்ததென்றும் வகுத்தவர் யாவர்? அவ் வகுப்பினால் நன்மை பெற்றோர் எவர், நட்டமடைந்தோர் எவர்? இத்தகைய வினாக்களை எழுப்பி, அவற்றிற்கு ஆதாரத்தோடு விடை தேடும் துறைக்கே சமூகவியல் என்று பெயர்.

நம் நாட்டில் அது பல்கலைக்கழகத்துக்குரிய பாடம். பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அதனைக் கற்கலாம். உயர்தர வகுப்பிலோ அதற்குத் தனியிடம் கிடையாது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் நிலைமை வேறு. அங்கே பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் வரலாற்றையும் பொருளியலையும் போலச் சமூகவியலையும் ஒரு பாடமாகத் தெரிந்து கற்கின்றனர். இலண்டனில் வாழும் நம் உறவினரின் பிள்ளை "சோஷியோலஜி எடுத்திருக்கிறேன்" என்று தொலைபேசியிற் சொல்லும்போது, இங்குள்ள பாட்டனாருக்கும் பாட்டிக்கும் "அஃது என்ன படிப்பு? பிள்ளைகளுக்கு அஃது ஆகுமா? அதனால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்னும் ஐயங்கள் தோன்றுதல் இயல்பே. அவ்வையங்களை ஒதுக்கிவிடாமல் நேரே எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதிய உலகம் தந்த கல்வி

மனிதன் கூடி வாழத் தொடங்கிய நாள்முதல் தன் சமுதாயத்தைப் பற்றிச் சிந்தித்தே வந்திருக்கிறான். நீதி நூல்களும் அறநூல்களும் அச்சிந்தனையின் பயன்களே. ஆனால் அவை பெரும்பாலும் மனிதன் எவ்வாறு வாழவேண்டும் என்று கூறின. மனிதர் உண்மையில் எவ்வாறு வாழ்கின்றனர், ஏன் அவ்வாறு வாழ்கின்றனர் என்று கேட்பதைத் தனியொரு கல்வியாக வளர்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவாகும்.

பிரெஞ்சுப் புரட்சி பழைய அரசைச் சாய்த்தது. ஆலைத் தொழில் பழைய கிராமத்தைக் குலைத்தது. உழவர் நகரங்களுக்குப் பெயர்ந்து கூலியாட்களாயினர். பழைய கட்டுகள் அறுந்த பின்னர் மனிதரைச் சேர்த்துவைப்பது எது என்ற கேள்வி அறிஞரை வருத்தியது. பிரான்சிலே ஓகஸ்ட் கொம்ட் (1798-1857) இத்துறைக்கு இன்று வழங்கும் பெயரைப் பரப்பினார். கார்ல் மார்க்ஸ் வர்க்கப் போராட்டத்தில் விடை கண்டார். ஜெர்மனியரான மக்ஸ் வெபர், மனிதர் தம் செயலுக்குக் கொடுக்கும் பொருளையும், அவர்தம் சமய நம்பிக்கையையும் ஆராய்ந்தார். எமில் துர்க்கைம் (1858-1917) இக்கல்வியைப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் நிலைபெறச் செய்தார். இவர் 1887 இல் போர்தோ நகரப் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டது சமூக விஞ்ஞானத்தையும் கல்வியியலையும் சேர்த்துக் கற்பிப்பதற்காகவே. ஆகவே பள்ளிக்கூடமும் சமூகவியலும் தொடக்கத்திலேயே உறவு பூண்டவை எனலாம்.

இத்துறையின் சாரத்தை ஓர் உதாரணத்தால் விளக்கியவர் அமெரிக்க அறிஞர் ரைட் மில்ஸ். 1959 இல் வெளிவந்த நூலொன்றில் அவர் கூறும் கருத்து இது: ஒரு பெரிய நகரத்தில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லையென்றால், அவனுடைய திறமையையும் குணத்தையும் ஆராயலாம். ஒரு நாட்டிலே கோடிக்கணக்கானோருக்கு வேலை இல்லையென்றால், ஒவ்வொருவருடைய குணத்தையும் ஆராய்ந்து பயனில்லை. நாட்டின் அமைப்பையே ஆராய வேண்டும். முன்னையது தனிமனிதத் தொல்லை, பின்னையது பொதுப் பிரச்சினை.

2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாம் வரிசையில் நின்ற காலத்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அன்று அடுப்பெரியாத வீட்டின் தலைவி சிக்கனம் அறியாதவள் என்று எவரும் பழி சொல்லவில்லை. துன்பம் வீட்டுக்குள் நிகழ்ந்தது. அதன் வேரோ வீட்டுக்கு வெளியே இருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் கண்ணைப் பெறுவதுதான் இக்கல்வியின் முதற் பயன்.

இங்கிலாந்து மாணவன் கற்பது யாது?

இங்கிலாந்தில் உயர்தர வகுப்பு மாணவர் வழக்கமாக மூன்று பாடங்களை இரண்டு ஆண்டுகள் கற்பர். அங்கே பலரும் பயிலும் சமூகவியற் பாடத்திட்டம் ஒன்றில் மூன்று வினாத்தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 2 மணித்தியாலம். ஒவ்வொன்றுக்கும் 80 புள்ளி. கல்வி, குடும்பம், குற்றமும் நெறிபிறழ்வும், ஆராய்ச்சி முறைகள் என்பன அவற்றின் முக்கிய பகுதிகள். 30 புள்ளிக்குரிய கட்டுரையில் மாணவன் ஒரு கொள்கையைக் கூறி, அதற்குச் சான்று காட்டி, அதனை மறுப்பாரின் வாதத்தையும் எடுத்துரைத்து, முடிவில் தன் தீர்ப்பை நிறுவவேண்டும். மனப்பாடம் செய்து ஒப்புவித்தல் இங்கு போதாது.

குடும்பம் பற்றிய பகுதியில் மாணவர் பலர் அறியவரும் பழைய ஆராய்ச்சி ஒன்றை இங்கே குறிப்பிடுவோம். மைக்கல் யங், பீற்றர் வில்மட் என்னும் இருவர் கிழக்கு இலண்டனின் பெத்னல் கிறீன் பகுதியில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்து 1957 இல் நூலொன்றை வெளியிட்டனர். பெருநகரத்தில் உறவுகள் சிதைந்துவிடும் என்பதே அக்காலத்துப் பொதுக் கருத்து. இவர்கள் கண்டதோ வேறு. மணமான பெண்கள் தாய்வீட்டுக்கு அருகிலேயே குடியிருந்தனர். பிள்ளைப்பேறு, நோய், பணமுடை ஆகிய எல்லாவற்றிலும் தாயே துணை நின்றாள். மகளுக்கு வாடகை வீடு தேடிக்கொடுப்பவளும் தாயே.

பின்னர் இக்குடும்பங்களிற் பல, நகருக்கு வெளியே அரசாங்கம் அமைத்த புதிய குடியிருப்புக்கு மாறின. வீடு நல்ல வீடு. தோட்டமும் காற்றோட்டமும் உண்டு. ஆயினும் தாயும் சகோதரிகளும் தொலைவிலாயினர். பகலெல்லாம் தனித்திருந்த பெண்கள் பலர் ஏங்கினர். சுவரையும் கூரையையும் கணக்கிட்ட திட்டம் உறவைக் கணக்கிட மறந்துவிட்டது.

இந்நூலை ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுக்கிவிட முடியுமா? போரினால் பலமுறை இடம்பெயர்ந்து, 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் மீளக் குடியமர்ந்த குடும்பங்கள் வன்னியெங்கும் வாழ்கின்றன. புதிய கல்வீடு கிடைத்தது. ஆனால் அவசரத்துக்குக் கூப்பிட அடுத்த வளவில் மாமியோ சின்னம்மாவோ இருக்கிறாரா? அக்கேள்வியைக் கேட்கக் கற்ற பிள்ளை ஒருநாள் திட்டமிடும் உத்தியோகத்தராக வந்தால், வீட்டோடு உறவையும் எண்ணிப் பார்ப்பாள் அல்லவா?

தமிழ்க் குடும்பம் ஒன்றா, பலவா?

"தமிழர் குடும்பம்" என்று நாம் ஒருமையிற் பேசுகிறோம். சமூகவியல் கற்ற மாணவன் உடனே "எந்தத் தமிழர்?" என்று கேட்பான். நம் தீவிலேயே குறைந்தது மூன்று வகையை அவன் எடுத்துக் காட்டலாம்.

முதலாவது யாழ்ப்பாணம். அங்குள்ள வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை அது மூன்றாக வகுத்தது. தேடியதேட்டம் என்பது கணவனும் மனைவியும் மணவாழ்க்கையில் ஈட்டியது. மகளுக்குச் சீதனமாகக் காணியும் நகையும் கொடுக்கப்பட்டன. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இவ்வழமை பல மாறுதல்களை அடைந்த போதிலும், அதன் சாயலை இன்றுங் காணலாம். சீதனத்தைக் கொடிய வழக்கம் என்று கண்டிப்பது எளிது, கண்டிக்கவும் வேண்டும். ஆனால் பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட காணி எவ்வாறு மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் ரொக்கமாக மாறியது என்பதை ஆராய்வது அதனினும் பயனுடையது. நோயின் வரலாறு தெரியாமல் மருந்து கொடுக்க முடியாதன்றோ?

இரண்டாவது மட்டக்களப்பும் அக்கரைப்பற்றும் சார்ந்த கிழக்குக் கரை. அங்கே குடி என்னும் பிரிவு தாய்வழியாக வருகிறது. தாயின் குடியே பிள்ளையின் குடி. கோயில் வண்ணக்கர் போன்ற பொறுப்புகளிலும் குடிமுறை இடம்பெறுகிறது. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்கிறான். வீடு மகளுக்கு உரியதாகிறது. பெற்றோர் அருகே வேறொரு வீட்டுக்கு மாறிக்கொள்வதும் உண்டு. அங்கு வாழும் முஸ்லிம் மக்களிடத்தும் இத்தகைய தாய்வழிக் குடிமுறை உண்டென்பது சிந்திக்கத் தக்கது. மொழியும் சமயமும் போட்ட கோடுகளை வழக்கம் எவ்வளவு எளிதாகக் கடந்துவிடுகிறது!

மூன்றாவது மலையகம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் லயன் அறையிலே பல தலைமுறைகள் வாழ்ந்த குடும்பம் அது. தாயும் தந்தையும் விடியற்காலையிற் பெரட்டுக்களத்துக்குச் செல்வர். கைக்குழந்தை பிள்ளைமடுவத்தில் விடப்படும். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். சீதனக் காணிக்கோ தாய்வழி வீட்டுக்கோ அங்கு இடமில்லை. ஏனெனில் இருக்கும் அறையும் தோட்டத்துக்கே சொந்தம். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதையும் சேர்த்து நோக்கினால், ஒரு குடும்பத்தின் வடிவத்தை அன்பும் பண்பும் மட்டுமன்றிச் சட்டமும் கூலியும் எவ்வாறு அமைக்கின்றன என்பது கண்கூடாகும்.

ஒரே மொழி பேசும் மக்களிடையே மூன்று வகைக் குடும்பங்கள்! "நம் வழக்கமே இயற்கையானது; மற்றையோர் வழக்கம் விநோதமானது" என்று எண்ணிய பிள்ளை இதைக் கற்றபின் அவ்வாறு எண்ணாது. மனிதர் அமைத்தவற்றை மனிதர் மாற்றவும் கூடும் என்பதை அது உணரும். உயர்வு தாழ்வு பேசும் நாவுக்கு இதைவிட நல்ல கடிவாளம் இல்லை.

வகுப்பறையையே ஆராய்தல்

மாணவன் நாள்தோறும் காணும் வகுப்பறையே இப்பாடத்தில் ஆராய்ச்சிக்கூடமாகிறது. 1968 இல் அமெரிக்கரான ரொபேட் றோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. கலிபோர்னியாவின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தபின், ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினரின் பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, "இவர்கள் இவ்வாண்டில் விரைந்து முன்னேறக் கூடியவர்கள்" என்றனர். உண்மையில் அப்பெயர்கள் எழுமாற்றாக எடுக்கப்பட்டவை. பின்னர் அளந்து பார்த்தபோது, கீழ்வகுப்புகளில் அப்பிள்ளைகள் ஏனையோரினும் கூடிய முன்னேற்றம் காட்டினர். ஆசிரியரின் எதிர்பார்ப்பே பிள்ளையை உயர்த்தியது என்பது அவர்தம் முடிவு. பின்வந்த ஆராய்ச்சியாளர் அதன் முறையிற் குறை கண்டனர். விளைவு அத்துணைப் பெரிதன்று என்றும் கூறினர். இக்கண்டனத்தையும் மாணவன் சேர்த்தே கற்கிறான். ஆயினும் "இவன் மொக்கன்" என்று ஒருவனை நாள்தோறும் அழைத்தால் அவன் என்னாவான் என்ற கேள்வி நம் நெஞ்சை விட்டகலாது.

1977 இல் வெளிவந்த போல் வில்லிஸ் என்பாரின் நூல் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. இங்கிலாந்தின் தொழில் நகரமொன்றில் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் பன்னிருவரை அவர் பின்தொடர்ந்தார். அவர்கள் ஆசிரியரை எள்ளினர். படிப்பவரைக் கேலி செய்தனர். கையால் செய்யும் வேலையே ஆண்மைக்கு அழகென்றனர். இறுதியில் தந்தையர் செய்த அதே வேலைக்குத் தாமும் சென்று சேர்ந்தனர். பள்ளிக்கூடத்தை எதிர்த்து வென்றதாக அவர்கள் எண்ணினர். அவ்வெற்றியே அவர்களைப் பழைய இடத்தில் நிறுத்தியது. பெண்பிள்ளைகளை அவர் மறந்துவிட்டார் என்ற கண்டனமும் எழுந்தது.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தவர் சூ ஷார்ப். 1970களின் முற்பகுதியில் இலண்டன் மாணவிகளிடம் அவர் பேசியபோது காதல், கணவன், பிள்ளைகள் என்பனவே அவர்தம் எண்ணத்தில் முன்னின்றன. 1990களில் மீண்டும் கேட்டபோது தொழிலும் தன்காலில் நிற்றலும் முன்னுக்கு வந்துவிட்டன. ஒரு தலைமுறைக்குள் பெண்ணின் இயல்பு மாறிவிட்டதா? மாறியது இயல்பன்று, அவள் முன் திறந்துவைக்கப்பட்ட கதவுகளே.

இப்பொழுது நம் வீட்டு மௌனத்தை நோக்குவோம். கலைப்பிரிவு கெட்டித்தனம் குறைந்தவர்க்கு உரியது என்னும் எண்ணம் ஒரு முத்திரை. அம்முத்திரைக்கும் வரலாறு உண்டு. பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வாயிலாயிற்று. வரண்ட யாழ்ப்பாண மண்ணுக்கு அரசாங்கச் சம்பளம் பெரும் ஆதாரமாயிற்று. வைத்தியமும் பொறியியலும் மதிப்பும் பொருளும் தந்தன. 1970களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தலும், பின்னர் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது, அவ்விரு துறைகளுக்குமான இடங்கள் நம் இளைஞரின் எதிர்காலத்தையே குறிக்கும் சின்னங்களாயின. தாய் தந்தையரின் அச்சம் வீண் அச்சமன்று. அது வாழ்க்கை கற்பித்த அச்சம். ஆனால் அச்சத்தின் காரணத்தை அறிந்தவர் அதற்கு அடிமையாவதில்லை.

கேட்கும் கலை

சமூகவியல் என்பது அபிப்பிராயம் சொல்வதன்று, கண்டறிவது. ஆதலால் வினாக்கொத்து, நேர்காணல், பங்குபற்றி அவதானித்தல், அரசாங்கப் புள்ளிவிபரங்களை வாசித்தல் ஆகிய முறைகளை மாணவன் பயிலவேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பலமுண்டு, பலவீனமுமுண்டு.

"சீதனம் என்னும் கொடிய வழக்கத்தை நீங்கள் எதிர்க்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆம்" என்பர். "உங்கள் திருமணத்தின்போது என்னென்ன கொடுக்கப்பட்டன? எவர் பெயரில் எழுதப்பட்டன?" என்று கேட்டால் உண்மை சிறிது சிறிதாக வெளிவரும். முன்னைய கேள்வி விடையைத் தானே சொல்லிவிடுகிறது. பின்னையது கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. அதுபோலவே, ரியூஷன் வகுப்பின் பயனை அறியப் புறப்பட்ட மாணவன் அவ்வகுப்பில் உள்ளவரை மட்டும் விசாரித்தால், பணமின்றி அங்கு வராத பிள்ளையின் குரல் அவன் காதில் விழவே மாட்டாது. யாரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்காமல் விட்டோம் என்பதே முக்கியம்.

புள்ளிவிபரமும் அவ்வாறே. நம் தீவில் முதலாவது குடிசன மதிப்பீடு 1871 இல் நடைபெற்றது. 1981 க்குப் பின்னர் 2001 இல் நடந்த மதிப்பீடு வடக்கிலும் கிழக்கிலும் முழுமை பெறவில்லை. 2012 இலேயே நாடு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் எத்தனை கிராமங்கள் குடிபெயர்ந்தன! எண்ணப்படாத மக்களுக்கு எவர் திட்டம் வகுப்பார்? அட்டவணையில் உள்ள வெற்றிடமும் ஒரு செய்தியே என்பதை மாணவன் கற்றுக்கொள்கிறான்.

ஆராய்ச்சியாளரின் பொறுமைக்கு இந்திய அறிஞர் எம். என். சிறீனிவாஸ் (1916-1999) சிறந்த எடுத்துக்காட்டு. 1948 இல் மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்று அவர் பெயரிட்டழைத்த கிராமத்தில் தங்கி, உழவரின் வாழ்வை நேரிற் கண்டார். பல ஆண்டுகளாக வகுத்துத் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள், 1970 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்டில் வைக்கப்பட்ட தீயில் எரிந்துபோயின. மனம் தளர்ந்த அவர், நண்பரின் ஊக்கத்தால், நினைவிலிருந்தே அக்கிராமத்தை எழுதினார். 1976 இல் வெளிவந்த அந்நூல் இன்றும் போற்றப்படுகிறது. கூர்ந்து பார்த்த கண்ணுக்கும், அன்போடு கேட்ட காதுக்கும் கிடைத்த பரிசு அது.

ஒரு நெறியையும் இங்கே வற்புறுத்த வேண்டும். சிறிய ஊரிற் பெயரை மறைத்தாலும் ஆளைக் கண்டுகொள்வர். ஆகவே பிறர் நம்பிச் சொன்னதைக் காப்பது மாணவனின் கடமை. விசாரிப்பு வம்பாகிவிடலாகாது.

ஐயங்களும் ஆபத்துகளும்

"இப்பாடம் கற்ற பிள்ளை மூத்தோரை எதிர்த்துப் பேசாதா?" என்பது பெற்றோரின் ஐயம். உண்மையில் அது கேள்வி கேட்கும். "அந்த வீட்டில் நாம் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?" என்று ஒருநாள் மேசையில் உணவு பரிமாறும்போது அது கேட்டுவிட்டால் நாம் என் செய்வது? அதட்டி அடக்கலாம். ஆனால் நம் முன்னோரிற் சிலர் அதட்டலுக்கு அடங்கியவர்கள் அல்லர். 1924 இல் ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரசைத் தொடங்கித் தீண்டாமையைக் கண்டித்தபோது, அவர்களைத் தூண்டியதும் இத்தகைய கேள்வியே. பதில் சொல்ல முடியாத கேள்வி வீட்டுக்குள் எழுந்தால் வெட்கப்பட வேண்டியது கேட்ட பிள்ளையா, பதில் இல்லாத நாமா?

இன்னோர் ஆபத்தும் உண்டு. அரைகுறையாகக் கற்றவன் எல்லாக் குற்றத்தையும் "சமுதாயத்தின்" தலையிற் சுமத்திவிடுவான். தான் படியாமைக்கும் சமுதாயமே காரணம் என்பான். நல்ல ஆசிரியர் இதனைத் தடுக்கவேண்டும். அமைப்பு மனிதனை நெருக்குகிறது என்பது உண்மை. அந்நெருக்கத்துள்ளும் மனிதன் தெரிந்து செயற்படுகிறான் என்பதும் உண்மை. இரண்டையும் பற்றிக்கொள்ளாதவன் சமூகவியலைக் கற்றவன் ஆகான்.

உத்தியோகத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். வைத்தியக் கல்வி வைத்தியரை உண்டாக்குவது போலச் சமூகவியல் உடனே ஒரு தொழிலைக் கையில் வைப்பதில்லை. ஆசிரியம், சமூகசேவை, பத்திரிகைத் தொழில், சட்டம், நிருவாகம், சுகாதார சேவை, திட்டமிடல் முதலிய துறைகளுக்கு அது நல்ல அடிப்படையாகும். அவற்றுட் புகுவதற்கு வேறு பயிற்சியும், மொழித் திறமையும், கணக்கறிவும் வேண்டும். இதனை அறிந்தே பிள்ளை தெரிவு செய்யட்டும்.

இக்கல்வி எத்துணைப் பாரமானதென்பதைக் காட்டும் வாழ்க்கை ஒன்று நம்மிடையே உண்டு. ஸ்ரான்லி தம்பையா (1929-2014) இலங்கைத் தமிழர். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் கற்பித்தவர். 1956 இல் சிங்களவரும் தமிழருமான தம் மாணவரோடு கல்லோயாக் குடியேற்றத்தில் அவர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தபோதே அங்கு இனக்கலவரம் மூண்டது. வினாக்கொத்தோடு வீடுகளுக்குச் சென்ற மாணவரிற் சிலர், தம் இனத்தின் காரணத்தால் உயிருக்கு அஞ்சவேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். பின்னர் அவர் தாய்லாந்திற் பௌத்தத்தை ஆராய்ந்து பெரும்புகழ் பெற்று, ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர், 1986 இல் இலங்கையின் இனப்பகையைப் பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார். வெறுப்பைக் கண்டவர் வெறுப்பை வளர்க்காமல், அது எவ்வாறு வளர்கிறது என்று விளக்க முயன்றார். கல்வியின் பயன் இதனினும் உயர்ந்ததாக இருத்தல் கூடுமோ?

இன்றே செய்யத் தக்கவை

தனிப்பாடமாக இல்லையே என்று நம் மாணவர் சோர்வுற வேண்டியதில்லை. குடியியற் கல்வி, வரலாறு, புவியியல், அரசியல் விஞ்ஞானம், அளவையியலும் விஞ்ஞானமுறையும் ஆகிய பாடங்களில் இதன் கூறுகள் விரவிக் கிடக்கின்றன. விடுமுறையிலே செய்யத் தக்க சில முயற்சிகளை இங்கே தருகிறோம்.

பாட்டி, தாய், மகள் ஆகிய மூன்று தலைமுறைப் பெண்களிடம் எத்தனை வயதுவரை கற்றனர், ஏன் நிறுத்தினர், திருமணத்தை யார் தீர்மானித்தனர் என்று கேட்டு எழுதிவையுங்கள். உங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளில் எத்தனை வீட்டினர் வெளிநாட்டுப் பணத்தை நம்பி வாழ்கின்றனர், அப்பணம் வீட்டுக்குள் எவருடைய சொல்லுக்கு வலிமை தந்தது என்று அவதானியுங்கள். கோயில் திருவிழாவில் எவ்வுபயம் எவருக்கு உரியது, அஃது எக்காலத்தில் தொடங்கியது என்று பெரியவரை விசாரியுங்கள். ஒரு நாள் முழுவதும் உங்கள் வீட்டில் எவர் எவ்வேலையை எத்தனை மணித்தியாலம் செய்கிறார் என்று குறித்துப் பாருங்கள். கடைசிப் பயிற்சி மிகச் சிறியது. ஆனால் பல வீடுகளில் அதுவே பெரிய உண்மையை வெளிப்படுத்தும். அம்மாவின் பெயருக்கு நேரே எழுத இடம் போதாமற் போகலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை இத்துறையை விரும்பினால், அதன் ஆசை ஒரு நாள் மோகமா, உறுதியான நாட்டமா என்று அமைதியாகப் பேசி அறியுங்கள். மனிதரைப் பற்றி அறியும் ஆவலும், வாசிப்பில் விருப்பமும், பிறர் பேசும்போது குறுக்கிடாமற் கேட்கும் பொறுமையும் அதனிடம் இருந்தால் தடை சொல்லாதீர்கள். இல்லையென்றால் வற்புறுத்தவும் வேண்டாம்.

நோயுற்ற உடலைத் தேற்ற வைத்தியர் வேண்டும்; பாலம் கட்டப் பொறியியலாளர் வேண்டும். அப்பாலத்தின் மேல் யார் நடக்கிறார், யார் நடக்க முடியாமல் கரையில் நிற்கிறார் என்று பார்த்துச் சொல்லவும் ஒருவர் வேண்டுமன்றோ? பல பிரிவினையும் பெரும்போரும் கண்ட நம் நாட்டில் அத்தகைய கண்ணுடைய இளைஞர் பெருகுவாராயின், அது ஒரு வீட்டுக்கு மட்டுமன்றி நாட்டுக்கே கிடைத்த செல்வமாகும்.